சுமைகூலி முக்கால் பணம்

ஏலே, நில்லு. எங்க இப்படித் தலை தெறிக்க ஓடுத? சைட்டை லைவ்ல விடப் போறியாக்கும். நல்ல காரியம். பைய உக்காரு, ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போ.

பாடம் பாத்துப் பாத்து ஜாங்கோவுல ஒரு சைட் கட்டிட்ட. ஊர் நூலகத்துக் கணக்காம். யாரு எந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போனா, எப்பத் திருப்பித் தரணும்னு காட்டுமாம். ஒன் லேப்டாப்புல பாத்தேன், நல்லாத்தான் ஓடுது. அந்தப் பச்சைப் பட்டன் கண்ணைக் குத்துது. அது கெடக்கட்டும், வயசுக் கோளாறு.

இப்ப அதை ஊரு பாக்கணும். அதுக்கு நீ போட்டு வச்சிருக்க திட்டத்தைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு தாங்கல. ராத்திரி பூரா வீடியோ பாத்துட்டு வந்து சொல்லுத: குபர்நெட்டிஸ் வேணும், லோடு பேலன்சர் வேணும், ரெண்டு ஊருல டேட்டாபேஸ் வேணும், நடுவுல ரெடிஸ் வேணும். எதுக்குலே இவ்வளவும்? நூலகத்துக்கு வாரவுக எத்தன பேருன்னு எண்ணிப் பாத்தியா? ரிட்டயர்டு வாத்தியாரு நாலு பேரு. பேப்பர் படிக்க வாரவுக பத்துப் பேரு. ஃபேனுக்குக் கீழ தூங்க வாரவுக ரெண்டு பேரு. தூங்க வாரவன் சைட்டைத் தெறக்கப் போறதில்ல. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவுக சும்மாவா சொன்னாவ?

குபர்நெட்டிஸை கூகிள்காரன் 2014-ல வெளிய விட்டான். அவன் மிஷினுகளை எண்ணுறதுக்கே தனியா ஆளு போடணும். எந்த வேலை எந்த மிஷின்ல ஓடுது, எது செத்துச்சு, எது பொழைச்சுதுன்னு மனுசன் கண்ணால பாத்து மாளாது. அதனால அவனுக்கு அது தேவைப்பட்டுச்சு. ஒங்கிட்ட இருக்கறது ஒத்த மிஷின். அதுவும் மாச வாடகைக்கு. அது செத்தா ஒனக்கே தெரிஞ்சிரும், வாத்தியாரு வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு.

ஒலகத்துலயே மொதல் வெப் சர்வர் எப்படி ஓடுச்சு தெரியுமா? ஜெனீவா பக்கத்துல ஸெர்ன்னு ஒரு ஆராய்ச்சிக்கூடம். அங்கன டிம் பெர்னர்ஸ் லீன்னு ஒருத்தரு. நெக்ஸ்ட்னு ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர்ல அதை ஓட்டினாரு. அந்தப் பெட்டி மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. இது சர்வர், அணைச்சிராதீங்கன்னு சிவப்பு மையில எழுதியிருந்துச்சு. அம்புட்டுதான். இன்னைக்கு நீங்க ஹை அவெய்லபிலிட்டின்னு படம் போட்டுக் காட்டுதீங்களே, அன்னைக்கு அது ஒரு துண்டுச் சீட்டு.

ஒரு சிபியு, ஒரு ஜிபி மெமரி, உபுண்டு. ஒனக்கு இது போதும். டேட்டாபேஸா? ஜாங்கோ தானாக் கொடுக்கற எஸ்க்யூலைட்டைக் கண்டு ஏன் மூஞ்சியச் சுளிக்க? அது விளையாட்டுச் சாமானாம். எவன்லே சொன்னான்? ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்குக் கொறவாத் தெறக்கற சைட்டுக்கு அது சாதாரணமாத் தாங்கும்னு அதை எழுதினவுகளே சொல்லுதாவ. அவுக சைட்டே அதுலதான் ஓடுது. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும், அதுதான் அதுல முக்கியமான கட்டுப்பாடு. ஒங்க நூலகத்துல எழுதப் போறதும் ஒரே ஒரு நூலகர்தான். அவரும் சாப்பாட்டுக்குப் போயிருப்பாரு.

சரி, கூட்டத்துக்குப் பயப்படாதன்னு சொல்லிட்டேன். இப்ப பயப்பட வேண்டியதைச் சொல்லுதேன்.

ஒன் சைட்டுக்கு வாரவுக பதினாலு பேரு. ஒன் பூட்டை ஆட்டிப் பாக்க வாரவனுக்குக் கணக்கே கெடையாது. இதைத்தான் எந்த வீடியோக்காரனும் ஒனக்கு அழுத்திச் சொல்ல மாட்டான். சர்வரை வாடகைக்கு எடுத்து, ஐபி கையில கெடைச்சு, காப்பி ஆறுறதுக்குள்ள எங்கேயோ இருந்து ஒருத்தன் வந்து கதவைத் தட்டுவான். ஆளு இல்லலே, எல்லாம் ஸ்கிரிப்ட். ஆத் லாக்கைத் தெறந்து பாரு. ரூட்டுன்னு ஒருத்தன், அட்மின்னு ஒருத்தன், டெஸ்ட்டுன்னு ஒருத்தன். வரிசையா பாஸ்வேர்டு போட்டுப் பாத்துக்கிட்டே இருப்பான். வெப் சர்வர் லாக்கைப் பாத்தா இன்னும் கூத்து. நீ வேர்ட்பிரஸ்ஸே போடல, ஆனா வேர்ட்பிரஸ் லாகின் பக்கம் எங்கன்னு கேப்பான். டாட் ஈஎன்வி ஃபைல் இருக்கான்னு கேப்பான். ஒன்னையத் தேடி எவனும் வரல, நீ அவ்வளவு பெரிய ஆளும் இல்ல. தெரு முழுக்கத் தட்டிக்கிட்டே போறான், ஒன் வீடும் தெருவுல இருக்கு.

அதனால மொதல்ல பூட்டு. ரூட்டா உள்ள போறதை நிறுத்து. ஒனக்குன்னு ஒரு யூசர் வச்சுக்கோ, எஸ்எஸ்ஹெச் சாவி போட்டு உள்ள போ, பாஸ்வேர்டு வாசலை அடைச்சிரு. அடைக்கறதுக்கு முந்தி சாவி வேலை செய்யுதான்னு இன்னொரு விண்டோவுல பாத்துக்கோ. யுஎஃப்டபிள்யூ போட்டு 22, 80, 443 மட்டும் தெறந்து வை. இதுலயும் ஒரு கோட்டித்தனம் உண்டு. 22-ஐ அனுமதிக்காம மொதல்ல ஃபயர்வாலைப் போட்டுருவான். போடறதுக்கு முந்தி, எஸ்எஸ்ஹெச் அறுந்து போகலாம், சரிதானான்னு அது கேக்கத்தான் செய்யும். படிக்கற பொறுமை எவனுக்கு இருக்கு? ஒய்னு ஒரு தட்டு. பொறவு வீட்டைப் பூட்டி சாவிய உள்ள வச்சுட்டு வாசல்ல நிப்பான்.

அடுத்தது அந்த செட்டிங்ஸ் ஃபைல். டீபக் ட்ரூன்னு இருக்கே, அதை அப்படியே லைவ்ல விடப் போறியா? தப்பு வந்தா மஞ்சள் பக்கம் அழகா வருதாம், கண்டுபிடிக்க வசதியாம். ஒனக்கு வசதி, வாரவனுக்கும் வசதி. எந்த ஃபைல்ல எந்த வரி, எந்த வெர்சன், செட்டிங்ஸ்ல என்னென்ன இருக்குன்னு வெத்தலை பாக்கு வச்சு அழைக்குது. பாஸ், சீக்ரெட், கீ இந்த மாதிரி பேரு இருக்கறதை மட்டும் ஜாங்கோ நட்சத்திரம் போட்டு மறைக்கும். நீ ஏதாவது செல்லப் பேரு வச்சிருந்தா அதுக்கு எப்படித் தெரியும்? ஃபால்ஸ்னு போடு. போட்டதும் எந்தப் பேர்ல வாரவுகளை உள்ள விடணும்னு அலவ்டு ஹோஸ்ட்ஸ்ல கேக்கும். அங்க நட்சத்திரம் போட்டு ஊரையே உள்ள விடாத, ஒன் டொமைன் பேரை எழுது.

சீக்ரெட் கீ எங்க இருக்கு? கிட்ஹப்புல, ஊரு பாக்க. அந்தச் சாவியோட மொதல் ரெண்டு வார்த்தையப் படிச்சியா? ஜாங்கோ இன்செக்யூர்னு அதுவே தன்னைப் பத்திச் சொல்லுது. இதுக்கு மேல ஒரு ஃபைல் எப்படித்தான் கத்தும்? அதை வச்சுத்தான் பாஸ்வேர்டு மாத்தற லிங்க்குல கையெழுத்துப் போடுது. சாவி கையில கெடைச்சவன் அந்தக் கையெழுத்தையும் போட்டுப் பாப்பான். இப்ப அழிச்சுட்டேன்னு சொல்லாத. கிட்டுல அழிச்சது அழியாது, பழைய கமிட்ல உக்காந்திருக்கும். புதுச் சாவி உண்டாக்கு, சர்வர்ல மட்டும் வை. செக் டிப்ளாய்னு ஜாங்கோவுக்குள்ளயே ஒரு கட்டளை இருக்கு. அதைத் தட்டினா ஒன் ஓட்டையெல்லாம் வரிசையா வாசிக்கும். எங்க அத்தையை விட நல்லா வாசிக்கும்.

பூட்டு ஆச்சு. இனி உள்ள ஓடறது.

ரன்சர்வரையே சர்வர்ல ஓட்டிட்டா என்ன தாத்தான்னு கேக்க. கேப்பன்னு தெரியும், எல்லாரும் கேப்பாவ. ஜாங்கோ எழுதினவுக கையேட்டுலயே போட்டிருக்காவ: இது பாதுகாப்புச் சோதனையும் பாக்கல, வேகச் சோதனையும் பாக்கல, லைவ்ல போடாதீக. ஜாங்கோ யாரு கட்டினது? அமெரிக்காவுல கான்சாஸ்ல ஒரு ஊர்ப் பத்திரிகை ஆபீஸ்ல கட்டினது. சாயங்காலத்துக்குள்ள சைட்டுல செய்தி வந்தாகணும்னு ஓடின ஆளுக. அந்த அவசரக்காரவுகளே வேண்டாம்னு சொல்லுதாவ. நீ என்ன அவுகளை விட அவசரமா?

குனிகார்ன்னு ஒண்ணு, என்ஜின்எக்ஸ்னு ஒண்ணு. பேரைக் கேட்டு மெரளாத. நம்ம கல்யாணப் பந்திய நெனைச்சுக்கோ. சமையக்கட்டுல கரண்டி பிடிக்கறவன் குனிகார்ன். பந்தியில எலை போட்டு, தண்ணி வச்சு, விசாரிச்சு நிக்கறவன் என்ஜின்எக்ஸ். எலைக்கும் தண்ணிக்கும் சமையக்காரனைக் கூப்பிடுவியா? சிஎஸ்எஸ், படம் எல்லாம் என்ஜின்எக்ஸே எடுத்துக் கொடுத்துரும். கணக்குப் பாத்துச் சொல்ல வேண்டியது மட்டும் உள்ள போகும்.

இதுல இன்னொரு விசயம் இருக்கு, அதைப் பல பேரு கவனிக்கறதில்ல. நூலகத்து மெம்பர் ஒருத்தரு பஸ்ஸுல போறாரு, போன்ல ஒத்தக் கோடு சிக்னல். அவருக்குப் பக்கம் சொட்டுச் சொட்டாத்தான் போய்ச் சேரும். குனிகார்ன்ல சாதாரண வொர்க்கர் ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் பாப்பான். அந்த மெம்பர் வாங்கி முடிக்கற வரைக்கும் அவன் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். இந்த மாதிரி மூணு மெம்பர் வந்தா ஒன் கடை மூடினது மாதிரிதான். என்ஜின்எக்ஸ் முன்னால நின்னா, பக்கத்தை மொத்தமா உள்ள இருந்து வாங்கிக்கிடும். வொர்க்கர் அடுத்த ஆளைப் பாக்கப் போயிருவான். பஸ்ஸுக்காரருக்கு என்ஜின்எக்ஸ் பைய ஊட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குச் சலிப்பே கெடையாது. ஈகோர் சிசோயெவ்னு ஒரு ரஷ்யாக்காரரு பத்தாயிரம் பேரை ஒரே நேரத்துல தாங்கணும்னு எழுதி 2004-ல வெளிய விட்டது. ஒன் பதினாலு பேரைத் தாங்காதா?

வொர்க்கர் எத்தனை? நீ முப்பத்திரெண்டுன்னு எழுதி வச்சிருக்க. எங்க பாத்த? சிபியு எத்தனையோ அதை ரெட்டிச்சு ஒண்ணு கூட்டுன்னு குனிகார்ன் கையேடு சொல்லுது. ஒனக்கு ஒண்ணு, அதனால மூணு. ஒரு ஜிபி மெமரியில முப்பத்திரெண்டு பேரை உக்கார வச்சா, கெர்னல் வந்து ஒருத்தனைப் பாத்துக் கழுத்தை நெரிக்கும். யாரை நெரிக்கும்னு ஒன்கிட்டக் கேக்காது. குனிகார்னை 127.0.0.1-ல மட்டும் கேக்க விடு. எதுக்குத் தெருவப் பாத்து அதுக்கு ஒரு வாசல்?

எல்லாம் போட்டுட்டுத் தெறந்தா சைட்டு துணி இல்லாம நிக்கும். கலரு இல்ல, பட்டன் இல்ல. பதறாத. டீபக்கை அணைச்சதும் ஜாங்கோ ஸ்டாட்டிக் ஃபைலைக் கொடுக்கறதை நிறுத்திரும். கலெக்ட்ஸ்டாட்டிக்கை ஓட்டணும், அந்த ஃபோல்டரை என்ஜின்எக்ஸுக்குக் காட்டணும். காட்டியும் 403 வருதா? வரும். நீ ப்ராஜெக்டை ஒன் ஹோம்ல வச்சிருக்க. உபுண்டு இப்பல்லாம் ஒருத்தன் ஹோமுக்குள்ள இன்னொருத்தனை எட்டிப் பாக்க விடாது. என்ஜின்எக்ஸும் இன்னொருத்தன்தான். ஒடனே நீ என்ன பண்ணுவ? எங்கேயோ எவனோ சொன்னான்னு சிஹெச்மோட் 777. கதவு ஒட்டுதுன்னு கதவையே கழட்டி வீதியில போடறது ஒங்க தலைமுறைக்குக் கை வந்த கலை. கலெக்ட் பண்ணற எடத்தை ஹோமுக்கு வெளிய மாத்திக்கோ. சோலி முடிஞ்சுது.

502 வந்தா அர்த்தம், என்ஜின்எக்ஸ் முழிச்சிருக்கு, உள்ள இருக்கவன் எந்திரிக்கல. என்ஜின்எக்ஸை அஞ்சு தடவை ரீஸ்டார்ட் பண்ணினா உள்ள இருக்கவன் எந்திரிப்பானா? குனிகார்ன் லாக்கைப் பாரு. 413 வந்தா, நூலகர் புத்தக அட்டையப் போன்ல படம் பிடிச்சு ஏத்தியிருக்காரு, என்ஜின்எக்ஸ் ஒரு எம்பிக்கு மேல வாங்க மாட்டேங்குது. செட்டிங்ல ஒரு வரி மாத்தணும். மாத்தினதும் ரீலோடு பண்ணறதுக்கு முந்தி என்ஜின்எக்ஸ் மைனஸ் டி போட்டுச் சோதி. ஒரு அரைப்புள்ளிய விட்டிருப்ப, எனக்குத் தெரியும்.

எஸ்எஸ்ஹெச் விண்டோவுல குனிகார்னைக் கையால ஓட்டிட்டு லேப்டாப்பை மூடிட்டுத் தூங்கப் போயிருவ. ஒன் கூடவே அதுவும் தூங்கிரும். சிஸ்டம்டின்னு ஒருத்தன் அந்த மிஷின்ல சும்மா உக்காந்திருக்கான். ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதி அவன் கையில கொடு. செத்தா எழுப்புன்னு ஒரு வரி. எனேபிள்னு ஒரு தட்டு, மிஷின் எந்திரிக்கும்போது கூடவே எந்திரிக்கும். ரூட்டா ஓட்டாத, தனி யூசர்.

ஹெச்டிடிபிஎஸ் சர்டிஃபிகேட்டுக்குக் காசு கேட்டான்னு ஒருத்தனைப் பத்திச் சொன்னியே, அவன் நம்பரை அழிச்சிரு. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பர்ல இருந்து ஊருக்கே சும்மா கொடுக்குது. சர்ட்பாட் போட்டா 90 நாளுக்கு ஒண்ணு வரும், தேதி முடியறதுக்கு முந்தி அதுவே புதுப்பிச்சுக்கிடும்.

இனி பேக்கப். இதுல செத்த நேரம் நிக்கணும். கண் கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம் பண்ணினவங்க கதை எங்கிட்ட நெறைய இருக்கு, ஊரறிஞ்ச ஒண்ணைச் சொல்லுதேன். கிட்லேப்னு ஒரு கம்பெனி. ஊரு ஒலகத்துப் புரோகிராமையெல்லாம் பத்திரமா வச்சுத் தாரவுக. 2017 ஜனவரி 31. டேட்டாபேஸ்ல மூலம் ஒண்ணு, நகல் ஒண்ணு. நகல் மக்கர் பண்ணுதுன்னு ஒரு இன்ஜினியரு ராத்திரியில மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு. நகல்ல இருக்கோம்னு நெனைச்சு மூலத்துல போயி அழிச்சுட்டாரு. சுதாரிச்சு நிறுத்தறதுக்குள்ள 300 ஜிபி சுமாரா இருந்தது 4.5 ஜிபி ஆயிருச்சு.

சரி, மனுசன் கை தவறும். பேக்கப் இருக்குமேன்னு போனாவ. தெனமும் எடுக்கறதா நெனைச்ச பேக்கப் எடுக்கவே இல்ல. டேட்டாபேஸ் 9.6 வெர்சன், பேக்கப் எடுக்கற கருவி 9.2. அது தெனமும் முடியாது முடியாதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. சொன்னது மெயில்ல போயிருக்கு, அந்த மெயில் போய்ச் சேராமத் திரும்பிருச்சு. கடைசியில அதே இன்ஜினியரு ஆறு மணி நேரத்துக்கு முந்தி வேற சோலிக்காக எடுத்து வச்ச நகல் ஒண்ணுதான் காப்பாத்துச்சு. ஆறு மணி நேரத்து டேட்டா போச்சு. ஒண்ணு சொல்லணும், அவுக எதையும் மறைக்கல. மீட்கறதையே யூடியூப்ல நேரலையா விட்டாவ. அந்த மனசு பெரிசு.

அவ்வளவு பெரிய எடத்துக்கே அந்தக் கதின்னா ஒனக்கு? தெனம் ஒரு தடவை கிரான்ல நகல் எடு. எடுத்ததை அதே மிஷின்ல வைக்காத, மிஷினோட சேந்து அதுவும் போயிரும். மாசத்துக்கு ஒருக்கா அதை ஒன் லேப்டாப்புல விரிச்சு, புத்தகமெல்லாம் இருக்கான்னு பாரு. எஸ்க்யூலைட் ஃபைலை ஓடிக்கிட்டு இருக்கும்போது சும்மா காப்பி அடிச்சா பாதி எழுதினது வந்து சேரும். அதுக்குன்னு அதுலயே பேக்கப் கட்டளை இருக்கு. ராத்திரி ரெண்டு மணின்னு கிரான்ல போட்டா, வாடகை சர்வர் பெரும்பாலும் யுடிசியில ஓடும். நம்ம ஊர்ல அப்ப காலையில ஏழரை. இட்லி சாப்பிடுத நேரம்.

எல்லாம் ஆச்சா? வாத்தியாருக்கு லிங்க் அனுப்பறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு பண்ணு. மிஷினை ரீபூட் பண்ணு. ஏன் முழிக்க? இன்னைக்கு ஒன் கையால விழுந்தா நீ பக்கத்துல இருப்ப. செட்டியாரு பேத்தி கல்யாணத்துல நீ பந்தியில இருக்கும்போது விழுந்தா? ரீபூட் பண்ணிட்டு கையக் கட்டிக்கிட்டு உக்காரு. எதையும் தொடாத. ரெண்டு நிமிசம் கழிச்சு போன்ல தெறந்து பாரு. கலரோட வந்துச்சுன்னா லிங்க்கை அனுப்பு.

வரலையா? ஜர்னல்சிடிஎல்ல கடைசி இருபது வரியப் படி. மொதல்ல படி, பொறவு எங்கிட்ட வா. ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதலே, எங்கிட்ட இருக்கறது பட்டன் போன்.